துருப்பிடித்த இரும்புச் சட்டியைத் தூக்கிப் போடலாமா?

பழைய வார்ப்பிரும்புப் பாத்திரங்களைச் சுத்தம் செய்வது, மறுபடி பழக்குவது பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் சொல்கிறோம். பாத்திரத்தில் எண்ணெயை மெல்லிசாகத் தேய்த்துச் சூடேற்றி, கருத்த, வழவழப்பான படலம் பிடிக்க வைப்பதைத்தான் இங்கே ‘பழக்குதல்’ என்கிறோம்.

கேள்வி: பல வருஷமாக மூலையில் கிடந்த வார்ப்பிரும்புச் சட்டி. உள்ளும் புறமும் துரு. தொட்டால் கையில் செம்பொடி ஒட்டுகிறது. தேறுமா, பழைய இரும்புக்குப் போட்டுவிடலாமா?

பெரும்பாலும் தேறும். துரு என்பது மேல்தோலில் நடப்பது. அடியில் நல்ல இரும்பு கனமாக இருக்கும். துரு போனபிறகு சில இடங்களில் அம்மைத் தழும்பு மாதிரிச் சின்னக் குழிகள் மிஞ்சலாம். அவற்றால் சமையல் கெடாது.

சுத்தம் செய்ய உட்காரும் முன் மூன்று விஷயங்களைப் பார்த்துவிடுங்கள். இல்லையென்றால் இரண்டு நாள் உழைப்பு வீணாகலாம்.

முதலாவது விரிசல். சட்டியைக் கைப்பிடியில் ஒரு கயிற்றைக் கட்டித் தொங்கவிட்டு, மரக்கரண்டியால் தட்டுங்கள். கணீரென்று ஓசை நின்று ஒலித்தால் நல்லது. ‘டப்’பென்று செத்த சத்தம் வந்தால் எங்கோ விரிசல் இருக்க வாய்ப்பு அதிகம். இடம் தெரியாவிட்டால், துரு எடுத்தபின் எண்ணெய் தடவிப் பத்து நிமிஷம் விட்டு, பளிச்சென்று துடைத்துவிட்டு, சாக்பீஸ் தூளை மேலே தூவுங்கள். விரிசலுக்குள் புகுந்த எண்ணெய் மெதுவாக வெளியே கசிந்து, வெள்ளைத் தூளில் ஒரு கோடாகத் தெரியும்.

இரண்டாவது கோணல். சமதளமான கல்மேல் வைத்து விளிம்பை அழுத்திப் பாருங்கள். லேசாக ஆடினால் எரிவாயு அடுப்புக்குப் பரவாயில்லை. கண்ணாடித் தளம் உள்ள அடுப்பிலும் இண்டக்‌ஷனிலும் அந்த ஆட்டம் தொல்லை. அடி சரியாகப் படியாது, சூடும் ஒழுங்காக ஏறாது.

மூன்றாவதைப் பலர் யோசிப்பதே இல்லை. ஈயம், அதாவது நச்சுத்தன்மையுள்ள காரீயம், 327 டிகிரி செல்சியஸிலேயே உருகிவிடும். தூண்டில் குண்டு, துப்பாக்கி ரவை வார்ப்பதற்குப் பழைய இரும்புச் சட்டிகளில் ஈயத்தை உருக்குவது உண்டு. எங்கிருந்து வந்தது என்று தெரியாத சட்டியில், குறிப்பாகச் சிறிய, ஆழமான சட்டியில், உட்புறம் வெள்ளி நிறத்தில் துளிகளோ மென்மையான சாம்பல் நிறப் பூச்சோ தெரிந்தால், ஈயம் கண்டறியும் சோதனைக் குச்சியால் பார்த்துவிடுங்கள். ஈயம் இருப்பது உறுதியானால் அதில் சமைக்கவே வேண்டாம். தேய்த்தால் போய்விடும் என்று நம்பவும் வேண்டாம்.

கேள்வி: துரு போக வினிகரில் ராத்திரி முழுக்க ஊறப்போடலாமா?

கூடாது. நல்ல சட்டிகள் பல கெட்டுப்போவது இந்த ஒரு ராத்திரியில்தான்.

வினிகரில் இருக்கும் அமிலம் துருவைக் கரைக்கும். துரு தீர்ந்ததும் நின்றுவிடாது; இரும்பையே தின்னத் தொடங்கும். காலையில் எடுத்துப் பார்த்தால் சட்டி கருஞ்சாம்பலாகி, தோல் சொரசொரத்து, குழி விழுந்திருக்கும். அந்தக் குழிகளை எதைக் கொண்டும் நிரப்ப முடியாது.

லேசான துருவுக்கு வினிகரே தேவையில்லை. கம்பி நார், சோப்பு, வெந்நீர், கொஞ்சம் கைவலி, அவ்வளவுதான். அதற்கும் மசியாத துருவுக்கு, 5 சதவீத அமிலமுள்ள சாதாரண வெள்ளை வினிகர் ஒரு பங்கு, தண்ணீர் ஒரு பங்கு கலந்து, சட்டி முழுதும் மூழ்கும்படி வையுங்கள். பாதி மூழ்கி பாதி வெளியே நின்றால் நீர்மட்டத்தில் ஒரு கோடு அரித்துவிடும். 30 நிமிஷத்தில் வெளியே எடுத்துக் கம்பி நாரால் தேயுங்கள். துரு மிச்சமிருந்தால் இன்னொரு 30 நிமிஷம். கடிகாரத்தில் மணி வைத்துக்கொண்டு செய்ய வேண்டிய வேலை இது.

சட்டிமேல் பழைய எண்ணெய்ப் பிசுக்கும் கரிப்பொருக்கும் இருந்தால் வினிகர் துருவைப் போய்த் தொடாது. அதனால் பொருக்கு முதலில், துரு பிறகு. இந்த வரிசையை மாற்றாதீர்கள்.

வினிகரிலிருந்து எடுத்ததும் சமையல் சோடா கரைத்த தண்ணீரில் ஒருமுறை அலசி, சோப்புப் போட்டுக் கழுவி, உடனே துடைத்து, தாமதிக்காமல் அடுப்பில் வைத்துச் சூடாக்குங்கள். ‘உடனே’ என்பது உண்மையிலேயே உடனேதான். எந்தக் காப்பும் இல்லாத இரும்பில் ஈரம் பட்டால் சில நிமிஷத்திலேயே மஞ்சளாக மெல்லிய துரு பூக்கும். பூத்துவிட்டால் பதற வேண்டாம். எண்ணெய் தொட்ட துணியால் அழுத்தித் துடைத்தால் போகும். துணியில் காவி நிறம் வருவது நிற்கும் வரை துடையுங்கள்.

கேள்வி: சட்டியின் வெளிப்புறத்தில் விரல் தடிமனுக்குக் கரிப்பொருக்கு. கனலும் நெருப்பில் போட்டு எடுத்தால் எல்லாம் எரிந்துவிடும் என்கிறார்கள். சரியா?

பொருக்கு எரியும் என்பது சரி. சட்டி தப்புமா என்பதுதான் கேள்வி. வார்ப்பிரும்பில் கார்பன் 2 முதல் 4 சதவீதம் வரை இருக்கும். உருகும்போது அச்சில் நன்றாக ஓடுவதும் அதனால்தான், அடித்தால் வளையாமல் உடைவதும் அதனால்தான். நெருப்பில் ஒரு பக்கம் கனன்று மறுபக்கம் ஆறியிருந்தால் உள்ளே இழுவிசை ஏறி, சட்டி கோணிவிடும் அல்லது வெடித்துவிடும். இரண்டிலும் தப்பினாலும், அதிகச் சூட்டில் இரும்பின் தோலே மாறிச் செந்நிறம் தட்டிவிடும். அந்த இடத்தில் பிறகு எத்தனை முறை பழக்கினாலும் படலம் பிடிக்காது. தானாகவே சுத்தம் செய்துகொள்ளும் ஓவன்களில் அந்தச் சுற்று ஏறத்தாழ 480 டிகிரி செல்சியஸ் வரை போகும். அதுவும் இதே வகை ஆபத்துதான். நாங்கள் பரிந்துரைப்பதில்லை.

முதலில் ஒரு கேள்வி. பொருக்கு வெளிப்புறத்தில் மட்டும்தானா? சமைக்கும் உட்புறம் கருப்பாக, வழவழப்பாக இருக்கிறதா? அப்படியானால் விட்டுவிடுங்கள். உதிர்கிற இடத்தை மட்டும் சுரண்டினால் போதும். வருஷக்கணக்கில் உருவான நல்ல உட்படலத்தை, வெளியழகுக்காக அழிப்பது நஷ்டம்.

உள்ளும் புறமும் மோசம் என்றால் காஸ்டிக் சோடாதான் வழி. வேதியியலில் சோடியம் ஹைட்ராக்சைடு. எரிந்து இறுகிய எண்ணெயை அது சோப்பு போலாக்கிக் கரைக்கும், இரும்பைத் தொடாது. ஒரு வாரம் ஊறினாலும் சட்டிக்கு ஒன்றும் ஆகாது. இந்த விஷயத்தில் வினிகருக்கு நேர் எதிர்.

அளவு: 20 லிட்டர் தண்ணீருக்கு 500 கிராம். மூடியுள்ள கெட்டியான பிளாஸ்டிக் வாளியில் முதலில் தண்ணீரை ஊற்றுங்கள். பிறகு சோடாவைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவி, நீளமான மரக்குச்சியால் கலக்குங்கள். எப்போதும் தண்ணீரில்தான் சோடா. சோடாவின் மேல் தண்ணீரை ஊற்றினால் சட்டென்று கொதித்துத் தெறிக்கும். கரையும்போது வாளி சூடேறும், அது இயல்பு. முழங்கை வரை ரப்பர் கையுறை, கண்ணுக்குப் பக்கவாட்டிலும் மூடிய பாதுகாப்புக் கண்ணாடி, முழுக்கைச் சட்டை ஆகிய மூன்றும் இல்லாமல் மூடியைத் திறக்காதீர்கள். தோலில் பட்டால் ஓடும் தண்ணீரில் குறைந்தது 15 நிமிஷம் கழுவ வேண்டும். அதன்மேல் வினிகர் ஊற்றக் கூடாது. கண்ணில் பட்டால் கழுவிக்கொண்டே மருத்துவரிடம் ஓட வேண்டும். வாளி இருக்கும் இடத்துக்குக் குழந்தைகளும் வளர்ப்புப் பிராணிகளும் வரக் கூடாது.

அலுமினியப் பாத்திரமோ மூடியோ கரண்டியோ இந்த வாளிக்குள் போகவே கூடாது. அலுமினியத்தைக் கரைத்து ஹைட்ரஜன் வாயுவைக் கிளப்பும், அது தீப்பற்றும். மரக்கைப்பிடி இருந்தால் கழற்றிவிடுங்கள்.

மூன்று நாள் கழித்து எடுத்துப் பாருங்கள். பொருக்கு களிபோலாகி, பிளாஸ்டிக் சுரண்டியால் வழித்தால் வரும். வராத இடத்துக்கு இன்னும் இரண்டு மூன்று நாள். குளிரில் இந்த வேலை மந்தமாகும். 20 டிகிரிக்கு மேல் இருந்தால் வேகமாக நடக்கும். கடைசியில் வழுவழுப்புப் போகும் வரை கழுவுங்கள். அடியில் துரு தெரிந்தால் ஏமாற்றம் வேண்டாம். காஸ்டிக் சோடா துருவை எடுக்காது. அதற்கு முன்பு சொன்ன வினிகர். இரண்டையும் ஒரே வாளியில் கலக்கிவிடாதீர்கள்.

ஒரே ஒரு சட்டிக்காக வாளி வைப்பது பெரிய வேலையாகத் தோன்றினால், சோடியம் ஹைட்ராக்சைடு உள்ள ஓவன் கிளீனர் ஸ்ப்ரேயை அடித்து, தடித்த பிளாஸ்டிக் பையில் போட்டு, வாயைக் கட்டி, காற்றோட்டமான இடத்தில் ஒன்றிரண்டு நாள் வைக்கலாம். கையுறையும் கண்ணாடியும் இதற்கும் உண்டு. பை முக்கியம்: காய்ந்துவிட்டால் வேலை நின்றுவிடும்.

கேள்வி: மின்சாரம் பாய்ச்சித் துரு எடுக்கும் முறை வீட்டில் செய்யத் தக்கதா?

மின்வேலை தெரிந்தவர் செய்தால் அருமையான முறை. துருவும் பொருக்கும் சேர்ந்தே கழன்றுவிடும், இரும்பும் குறையாது. பிளாஸ்டிக் தொட்டியில் 4 லிட்டர் தண்ணீருக்கு ஒரு மேஜைக்கரண்டி சலவைச் சோடா. 12 வோல்ட் பேட்டரி சார்ஜரின் நெகட்டிவ் முனை சட்டியில். பாசிட்டிவ் முனை வேண்டாத இரும்புத் தகட்டில். மாற்றிப் போட்டால் அரிக்கப்படுவது உங்கள் சட்டி. சட்டியும் தகடும் ஒன்றையொன்று தொடக் கூடாது. தகட்டைப் பார்த்திருக்கும் பக்கம்தான் நன்றாகச் சுத்தமாகும் என்பதால் நடுவில் சட்டியைத் திருப்பி வைக்க வேண்டும். தண்ணீரில் கைவிடும் முன் மின்சாரத்தை நிறுத்துங்கள். ஹைட்ரஜன் குமிழ்கள் வருவதால் திறந்த வெளியில், தீ இல்லாத இடத்தில் மட்டும்.

பாசிட்டிவ் முனைக்கு எவர்சில்வர் தகடு போடவே கூடாது. அதிலுள்ள குரோமியம் தண்ணீரில் நச்சு வடிவில் இறங்கும்.

கேள்வி: கிரைண்டர் வைத்துத் தேய்த்துக் கண்ணாடி போலப் பளபளப்பாக்கலாமா?

வேண்டாம். பளிங்குபோல மழமழவென்று ஆகிவிட்ட இரும்பில் எண்ணெய்ப் படலத்துக்குப் பிடிமானம் இருக்காது; உரிந்து வரும். பழைய சட்டியின் சொரசொரப்பு மிகவும் உறுத்தினால், 80-ஆம் எண் உப்புத்தாளில் தொடங்கி 120-ல் நிறுத்திக்கொள்ளுங்கள். தேய்க்கும்போது முகக்கவசம் அவசியம்.

கேள்வி: பழக்குவதற்கு எந்த எண்ணெய்? ஆளிவிதை எண்ணெய்தான் உசத்தி என்று கேள்விப்பட்டு, விலை கொடுத்து வாங்கினேன். ஆறு பூச்சுப் பூசினேன். இரண்டே மாதத்தில் செதில் செதிலாக உரிகிறது.

உங்கள் கைமேல் தப்பில்லை. ஆளிவிதை எண்ணெயின் குணமே அது.

பழக்கும்போது நடப்பது எண்ணெய் காய்வது அல்ல, இறுகுவது. நிறைவுறாக் கொழுப்பின் மூலக்கூறுகள் சூட்டிலும் காற்றிலும் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு, கெட்டியான வலையாகி, இரும்போடு ஒட்டிக்கொள்கின்றன. இந்தப் பின்னல் எவ்வளவு எளிதில் நடக்கும் என்பதை எண்ணெயின் ‘அயோடின் எண்’ காட்டும். ஆளிவிதைக்கு அது சுமார் 170-க்கு மேல். சோயாவுக்கும் சூரியகாந்திக்கும் 110 முதல் 140-க்குள். நல்லெண்ணெய்க்கு 104 முதல் 120. கடலை எண்ணெய் 100-ஐ ஒட்டி அல்லது அதற்குக் கீழே. தேங்காய் எண்ணெய்க்கோ வெறும் 6 முதல் 11.

இதைப் பார்த்தால் ஆளிவிதைதான் முதலிடம் என்று தோன்றும். பூசிய அன்று அழகாகவும் இருக்கும், கல்போல இறுகியும் இருக்கும். அந்த இறுக்கமே பலவீனம். சட்டி சூட்டில் விரிந்து ஆறும்போது சுருங்குகிறது. வளைந்துகொடுக்காத படலம் கூடவே போக முடியாமல் வெடித்து உரிகிறது. மறுமுனையில் தேங்காய் எண்ணெய் பெரும்பாலும் நிறைவுற்ற கொழுப்பு. அது சரியாகப் பின்னிக்கொள்ளாது. சமைக்க நல்லது, பழக்க ஆகாது.

சுத்திகரித்த சூரியகாந்தி எண்ணெயும் சோயா எண்ணெயும்தான் எங்கள் தேர்வு. நல்லெண்ணெயும் கடலை எண்ணெயும் வேலை செய்யும். ஒன்றிரண்டு பூச்சு கூடுதலாகத் தேவைப்படலாம். வெண்ணெய் வேண்டாம், அதிலுள்ள பாலின் திடப்பொருள் கருகிப் பொடியாகும். எந்த எண்ணெய் என்பதைவிட எவ்வளவு எண்ணெய் என்பதுதான் வெற்றி தோல்வியைத் தீர்மானிக்கிறது. நூற்றுக்குத் தொண்ணூறு பேர் சறுக்குவது அளவில்தான்.

கேள்வி: அப்படியானால் எவ்வளவு எண்ணெய், எவ்வளவு சூடு, எவ்வளவு நேரம்? ஒவ்வொரு படியாகச் சொல்லுங்கள்.

கழுவித் துடைத்த சட்டியை ஓவனில் 120 டிகிரியில் 20 நிமிஷம் வையுங்கள். கண்ணுக்குத் தெரியாத ஈரம் போகும், எண்ணெயும் சூட்டில் நன்றாகப் பரவும். கெட்டித் துணியால் பிடித்து வெளியே எடுங்கள். 25 சென்டிமீட்டர் அகலமுள்ள சட்டிக்கு, உள், வெளி, அடி, விளிம்பு, கைப்பிடி எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரு தேக்கரண்டி எண்ணெயே அதிகம். அதைத் தேய்த்துவிடுங்கள்.

இப்போதுதான் முக்கியமான வேலை. இன்னொரு காய்ந்த, நூல் உதிராத பருத்தித் துணியை எடுத்து, பூசிய எண்ணெயைத் துடைத்து எடுங்கள். தவறிப்போய் எண்ணெய் சிந்திவிட்டது, ஒரு சொட்டும் இருக்கக் கூடாது என்பதுபோலத் துடையுங்கள். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் மினுமினுப்பே தெரியக் கூடாது, லேசான கருமை மட்டும். ‘எல்லாம் போய்விட்டதே’ என்று தோன்றும். போகவில்லை. மிஞ்சியிருக்கும் அந்த இம்மியளவுதான் நமக்கு வேண்டியது.

மறுபடி ஓவனில் வைத்து, வெப்பத்தை 230 டிகிரிக்குக் கூட்டுங்கள். சூடேறும்போது எண்ணெய் இளகி முத்து முத்தாகத் திரளும். அதனால் பத்து நிமிஷத்தில் ஒருமுறை வெளியே எடுத்து இன்னொரு தரம் துடைத்துவிடுங்கள். பலர் விட்டுவிடும் படி இது. பிறகு சட்டியைக் கவிழ்த்து வையுங்கள். 230 டிகிரியை எட்டியதிலிருந்து ஒரு மணி நேரம். நிறுத்திவிட்டு உள்ளேயே ஆறட்டும். புகை வரும், சன்னலைத் திறந்து வையுங்கள், வீட்டில் கூண்டுப்பறவை இருந்தால் வேறு அறைக்கு மாற்றிவிடுங்கள். அவற்றின் நுரையீரல் புகையைத் தாங்காது.

இப்படி மூன்று அல்லது நான்கு முறை. முதல் பூச்சில் தேன் நிறமோ பழுப்போதான் வரும். கருப்பு வரவில்லையே என்று எண்ணெயைக் கூட்டாதீர்கள். கருப்பு சமைக்கச் சமைக்க வரும்.

துடைத்த துணிகளைச் சுருட்டிக் குப்பையில் போடாதீர்கள். எண்ணெய் காற்றோடு வினைபுரியும்போது சூடு உண்டாகும். சுருட்டிய துணிக்குள் அந்தச் சூடு அடைபட்டுத் தானாகவே தீப்பிடிக்கலாம். ஆளிவிதை எண்ணெயில் இந்த ஆபத்து மிக அதிகம். தண்ணீரில் நனைத்துப் போடுங்கள் அல்லது விரித்துக் காயவிட்டுப் பிறகு எறியுங்கள்.

கேள்வி: ஓவன் இல்லை. எரிவாயு அடுப்பு மட்டும்தான். முடியுமா?

முடியும். கூடுதல் பொறுமை வேண்டும். சட்டியைச் சிறு தீயில் ஐந்து நிமிஷம், பிறகு நடுத்தரத் தீயில் சூடாக்குங்கள். இடுக்கியில் மடித்த துணியைப் பிடித்து, எண்ணெய் தொட்டுத் தேய்த்து, வேறொரு துணியால் துடைத்து எடுங்கள். மெல்லிய புகை கிளம்பும். புகை அடங்கி, ஈரப்பளபளப்பு மறைந்து, தோல் மங்கலாகும் வரை விடுங்கள். ஏறக்குறைய 10 முதல் 15 நிமிஷம். அதன்மேல் அடுத்த பூச்சு. ஒரே அமர்வில் நாலைந்து பூச்சு போடலாம்.

இதில் நடுப்பகுதி கருத்துவிடும், ஓரமும் பக்கச்சுவரும் பின்தங்கும். சட்டியை அவ்வப்போது நகர்த்தி, ஒவ்வொரு பக்கமாகத் தீயின்மேல் வருமாறு வையுங்கள். கைப்பிடிக்கும் வெளிப்புறத்துக்கும் அந்தச் சூடு எட்டாது. அங்கே எண்ணெய் பிசுபிசுவென்று நின்றுவிடும் என்பதால் அந்த இடங்களை இன்னும் அழுத்தித் துடையுங்கள். மூடியுள்ள கரி அடுப்பு இருந்தால் அது ஓவனுக்கு நல்ல மாற்று.

எந்த அடுப்பானாலும் சூடான சட்டியில் குளிர்ந்த தண்ணீரை ஊற்றாதீர்கள். விரிசல் விட அது ஒன்றே போதும்.

கேள்வி: பழக்கி முடித்த சட்டி கையில் ஒட்டுகிறது. சிறுத்தைத் தோல்போலப் புள்ளிகளும் இருக்கின்றன. என்ன தவறு?

இரண்டும் வெவ்வேறு குறைகள். புள்ளிகள் என்றால் எண்ணெய் அதிகம்: முத்தாகத் திரண்டு அப்படியே இறுகிவிட்டது. மொத்தச் சட்டியும் ஒட்டினால் சூடு போதவில்லை: எண்ணெய் பாதி இறுகிப் பிசினாக நின்றுவிட்டது. ஓவனின் முள் 230 காட்டினாலும் உள்ளே அவ்வளவு இருக்கிறது என்று நம்பிவிட முடியாது. ஓவனுக்குள் வைக்கும் தனி வெப்பமானி இருந்தால் தெரிந்துவிடும்.

இரண்டுக்கும் முதல் சிகிச்சை ஒன்றுதான். எண்ணெய் எதுவும் சேர்க்காமல், வெறும் சட்டியை இன்னொரு மணி நேரம் 230-ல் வையுங்கள். பிசின் இறுகிவிடும். புள்ளிகள் நிறத்தில் மட்டும் வித்தியாசமாக இருந்தால் சமையலில் கரைந்துபோகும், கவலை வேண்டாம். விரலுக்கு மேடாகத் தட்டுப்பட்டால் கம்பி நாரால் அந்த இடத்தை மட்டம் ஆக்கி, ஒரு மெல்லிய பூச்சு போடுங்கள். எல்லாவற்றையும் கழற்றி முதலிலிருந்து தொடங்க வேண்டிய நிலை அபூர்வம்.

கேள்வி: நல்லா இருந்த சட்டியில் திடீரென்று கருஞ்செதில்கள் உதிர்ந்து உணவில் வருகின்றன.

உதிர்வது படலமா, கருகிய உணவா என்று முதலில் பாருங்கள். தட்டையாக, மெல்லிசாக, ஒரு பக்கம் பளபளப்பாக இருந்தால் படலம். உருண்டையாக, நசுக்கினால் பொடியாகிற மாதிரி இருந்தால், கழுவாமல் விட்டுச் சேர்ந்த கரி. இரண்டாவது வகைதான் அதிகம். ‘கழுவினால் படலம் போய்விடும்’ என்ற பயத்தில் வெறுமனே துடைத்து வைக்கும் வீடுகளில் இது வரும். கரியின் மேல் எண்ணெய், எண்ணெயின் மேல் கரி என்று அடுக்காகி, ஒருநாள் மொத்தமாகப் பெயரும். இரண்டு மேஜைக்கரண்டி கல்லுப்பும் கொஞ்சம் எண்ணெயும் போட்டுத் துணியால் தேய்த்தால் கரி போய்விடும்.

படலமே உரிந்தால் காரணம் அடியில் இருக்கும்: துரு முழுதாகப் போகாமல் பூசியிருக்கலாம், ஈரம் இருந்திருக்கலாம், ஒரே தடவையில் தடித்துப் பூசியிருக்கலாம், அல்லது சட்டியை வெறுமனே பெருந்தீயில் மறந்து விட்டிருக்கலாம். உரிந்த இடத்தின் விளிம்பு விரலில் தட்டாத அளவுக்குத் தேய்த்து, இரண்டு பூச்சு. தின்றுவிட்ட செதிலால் கெடுதி ஒன்றும் இல்லை.

கேள்வி: சோப்புப் போடலாமா, கூடாதா?

போடலாம். சோப்பில் காஸ்டிக் சோடா மிஞ்சியிருந்த காலத்தில் பிறந்த பயம் அது. இன்றைய பாத்திரம் துலக்கும் திரவம் ஒட்டியிருக்கும் எண்ணெயைத்தான் எடுக்கும். இறுகிய படலத்தைத் தொடாது. கெடுப்பது சோப்பு அல்ல, ஊறவைப்பது. தொட்டியில் ஒரு ராத்திரி ஊறினால் துரு வரும். பாத்திரம் கழுவும் இயந்திரத்தில் வைக்கவே வேண்டாம்.

கழுவியதும் துணியால் துடைத்து, அடுப்பில் இரண்டு நிமிஷம் காயவைத்து, நாலைந்து சொட்டு எண்ணெய் தேய்த்து, துடைத்து எடுத்து வையுங்கள். துடைத்த துணியில் கருப்பு படிவது பற்றியும் கேட்டிருந்தீர்கள். கரித்துகளும் கொஞ்சம் இரும்பு ஆக்சைடும்தான். சமைக்கச் சமைக்கக் குறையும்.

கேள்வி: முறைப்படி பழக்கியும் முட்டை ஒட்டிக்கொள்கிறது.

படலத்தைக் குறை சொல்லும் முன் தீயைப் பாருங்கள். வார்ப்பிரும்பு சூட்டைக் கடத்தும் வேகம் அலுமினியத்தைவிட மிகக் குறைவு. பெருந்தீயில் இரண்டு நிமிஷம் வைத்தால் நடு கனலும், ஓரம் பச்சையாகவே இருக்கும். சிறு தீயில் ஐந்து முதல் எட்டு நிமிஷம் மெதுவாகச் சூடாக்குங்கள். அதன்பின் எண்ணெய் விட்டு, அது தண்ணீர்போல இளகி ஓடும்போது முட்டையை விடுங்கள். விட்டதும் கிளறாதீர்கள். அடி வெந்து இறுகியதும் அதுவே விட்டுக்கொடுக்கும். சட்டுவத்தை நுழைக்கும்போது எதிர்த்தால் இன்னும் நேரம் ஆகவில்லை என்று அர்த்தம்.

புதிதாகப் பழக்கிய சட்டியில் முதல் பத்துப் பதினைந்து தடவை வெங்காயம் வதக்குவது, கிழங்கு வறுப்பது என்று எண்ணெய் தாராளமாகச் சேரும் சமையல் செய்யுங்கள். முட்டைக்கு அதன்பிறகு வரலாம்.

கேள்வி: தக்காளி வதக்கியபோது இரும்பு வாடை வந்தது, சட்டியும் வெளுத்துவிட்டது. உடம்புக்கு ஆகாதா?

புளிப்பு படலத்தின் பலவீனமான இடங்களில் புகுந்து இரும்பைக் கரைத்திருக்கிறது. நன்கு பழகிய சட்டியில் கொஞ்ச நேரம் தக்காளி வதக்குவதால் ஒன்றும் ஆகாது. மணிக்கணக்கில் கொதிக்கவிடுவதும், சமைத்ததை அதிலேயே ஊறவிட்டு வைப்பதும்தான் தவறு. வெளுத்த இடத்துக்கு ஒரு பூச்சு போதும்.

இறங்கும் இரும்பு பெரும்பாலோருக்குத் தீங்கில்லை. ஆனால் உடலில் இரும்பு மிகுதியாகச் சேரும் ஹீமோகுரோமடோசிஸ் உள்ளவர்களும், தலசீமியா உள்ளவர்களும் இந்தப் பாத்திரங்களைப் பயன்படுத்தும் முன் தங்கள் மருத்துவரைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

கேள்வி: எனாமல் பூசிய வார்ப்பிரும்பையும் இப்படிப் பழக்க வேண்டுமா?

வேண்டாம். எனாமல் என்பது கண்ணாடிப் பூச்சு. எண்ணெய் அதன்மேல் கறையாகத்தான் நிற்கும். உட்புறத்தில் எனாமல் சில்லு சில்லாகப் பெயரத் தொடங்கினால் அதில் சமைப்பதை நிறுத்திவிடுங்கள்.

கேள்வி: விரிசலை வெல்டிங் செய்து சேர்க்கலாமா?

நிக்கல் கம்பி வைத்து, முன்கூட்டியே முழுச் சட்டியையும் சூடேற்றிச் செய்ய முடியும். ஆனால் தினம் சூடாகி ஆறும் பாத்திரத்தில் ஒட்டுக்குப் பக்கத்திலேயே அடுத்த விரிசல் வரும். கொதிக்கும் எண்ணெயோடு அது பிளந்தால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். சமையலிலிருந்து விலக்கிவிடுவதுதான் சரி.

கேள்வி: ஆறு மாதம் ஊரில் இருக்க மாட்டோம். திரும்பும்போது மறுபடி துருப்பிடிக்காமல் எப்படி வைப்பது?

சமையல் எண்ணெய் தடவி வைத்தால் ஆறு மாதத்தில் பிசுபிசுத்துக் காறல் வாடை அடிக்கும். உணவுத் தரமுள்ள மினரல் ஆயிலை மெல்லிசாகத் தேய்த்துத் துடைத்து வையுங்கள், அது கெட்டுப்போவதில்லை. ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் நடுவில் ஒரு காகிதம் வேண்டும். மூடி இருந்தால் இறுக மூடாமல், காற்றுப் புக ஒரு மடித்த காகிதத்தை இடையில் செருகுங்கள். பிளாஸ்டிக் பையில் கட்டி வைத்தால் உள்ளே ஈரம் வேர்த்துத் துருவைத்தான் வளர்க்கும். திரும்பி வந்ததும் சோப்புப் போட்டுக் கழுவி, அடுப்பில் காயவைத்து, அன்றைக்கே சமைக்கலாம்.